நூத்தி நாப்பத்தேழு

கோலா கிளாவாங்கிலிருந்து சிரம்பான் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார்.

"நான் கம்ப்யூட்டரைத் தொறந்தா மாடியில தம்பிக்கு இன்டர்நெட் லைன் போயிடுது. மேல அவன் கத்துறது கேக்கும். அவன் தொறந்தா எனக்குப் போயிடுது."

அவள் சட்டையில் அம்பாங்கான் கம்ப்யூட்டர் கடை ஒன்றின் பெயர் இருந்தது.

"ஸ்டேட்டிக் ஐபி, அதான் கம்ப்யூட்டருக்கு மாறாத நம்பர், நீங்களே போட்டீங்களா, அண்ணே?"

"ஆமா தங்கச்சி. கடைசி நம்பர் நூத்தி நாப்பத்தேழு."

"அவரும் அதையேதான் போட்டிருப்பாரு. ஒரே வீட்டு லைன்ல ரெண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே நம்பர் ஆகாது லா."

"நான் அவன்கிட்ட சொல்லலியே. ஒரு வருஷமா பேச்சுவார்த்தையே இல்ல."

"பின்ன எப்படி அதே நம்பர்?"



"அப்பா ஓட்டுன மோட்டார் சைக்கிள் நம்பர் அது."

"உங்களுத மாத்திடுங்க. ரெண்டு நிமிஷ வேல."

அம்பாங்கான் வந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மாத்திடுவீங்கல்ல?"

"மனசு வரல தங்கச்சி. காலையில அவன் வச்சுக்கட்டும், சாயங்காலம் நான் வச்சுக்கிறேன்."

"அத அவருக்கு யாரு சொல்றது?"

"நான்தான் மாடி ஏறணும்," என்றார்.