வெட்டிய இடத்துக்கு அப்புறம்

சட்டப் பிரிவெல்லாம் கொஞ்சம் ஓரமா இருக்கட்டும்... ஒரு சின்னக் கதை இருக்கு, அதை முதல்ல கேளுங்க.

தேனிப் பக்கம் ஒரு ஊரு. அங்க சங்கையான்னு ஒருத்தர் பூக்கடை வச்சிருந்தார். விடியக்காலையில பூ எடுக்க சைக்கிள்ல போனவரை ஒரு கார் அடிச்சுப் போட்டுட்டுப் போயிடுச்சு. விடிஞ்சு ஆளுங்க பார்க்கிறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. கார் அடிச்சதைப் பார்த்த ஆளு? யாருமே இல்ல! எதிர்த்தாப்புல டயர் கடை வாசல்ல ஒரு கேமரா... அது மட்டும்தான் பார்த்துச்சு.

அவர் சம்சாரம் மரகதம். மரகதத்தோட தம்பி வீரணன். அக்கா புருஷன் போன ஆத்திரம் அவனுக்கு. என்ன செஞ்சான்? கடையில ஓடுன வீடியோவைப் போன்ல படம் பிடிச்சான். கார் நம்பர் மங்கலா இருந்துச்சு. ஊர்ல சொன்ன நம்பரைப் பெருசா மேல எழுதினான். கார் மறையுற இடத்தோட வெட்டினான். வாட்ஸ்அப்ல விட்டான். மத்தியானத்துக்குள்ள ஊரே பார்த்துடுச்சு... இது துரைசிங்கம் காருதான்னு ஊரே தீர்ப்பும் சொல்லிடுச்சு!

மரகதம் அந்தப் போனை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுறாங்க. அங்க இன்ஸ்பெக்டர் எஸ்தர்.

"மேடம், எல்லாம் இதுல இருக்கு. அவனைப் பிடிங்க!"

"அம்மா, இது எனக்கு உதவாது. கடையில கேமரா பதிவு இருக்கிற மெஷின்தான் வேணும்."

"ஊரே நம்புது, நீங்க நம்ப மாட்டீங்களா? அவன் பெரிய ஆளுன்னு பயமா மேடம்?"

எஸ்தர் உடனே கிளம்பினாங்க. நேரா டயர் கடைக்குப் போனாங்க. பதிவை முழுசா பார்த்தாங்க. கேமரா கடிகாரம் எவ்வளவு முன்னாடி ஓடுதுன்னுகூடக் குறிச்சாங்க. கடைக்காரர் முன்னாடியே மெஷினுக்கு சீல் வச்சு ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. பதிவுல பார்த்ததை வச்சு அந்தத் துரைசிங்கத்தையே கைது செஞ்சாங்க. ஆனா அவர் ஜாமீன்ல வந்து அதே தெருவுல நடக்கிறார்! ஆய்வகத்துல இருந்து பதில் வரல... வரல... மரகதத்துக்குச் சோறு இறங்குமா? தூக்கம் வருமா? "கண்ணு முன்னாடி இருக்கிறதை இன்னும் என்ன சோதிக்கிறாங்க?" வாரா வாரம் ஸ்டேஷன் வாசல்ல வந்து நிப்பாங்க.

கடைசியில கோர்ட்டு. எதிர்த்தரப்பு வக்கீல் எந்த வீடியோவைப் போட்டார் தெரியுமா? வீரணன் விட்டதை!

"ஐயா, இந்த நம்பரை யாரோ எழுதியிருக்காங்க. என் கட்சிக்காரர் வண்டி நம்பரே இது இல்ல. ஒரு எண் தப்பு! மொத்தமும் ஜோடிப்பு!"

வீரணன் தலை தொங்கிடுச்சு. மரகதம் பெஞ்சை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க.

நீதிபதி கேட்டார்: "மூலப் பதிவு இருக்கா?"

எஸ்தர் எந்திரிச்சாங்க. "இருக்குங்க ஐயா. யாரும் கை வைக்காத பதிவுன்னு ஆய்வக அறிக்கையும் இருக்கு."

ஓட விட்டாங்க. கார் வருது... அடிக்குது... மறையுது. வீரணன் வெட்டினது அதோட சரி. மூலப் பதிவு நிக்கல. வெறும் ரோடு... வெறும் ரோடு... அதே கார் திரும்பி வருது! ஒரு ஆளு இறங்குறான். கிட்ட வந்து குனியுறான். கீழ கிடக்கிற சங்கையா கை மெல்ல உசருது... அவன் நிமிர்ந்து அக்கம்பக்கம் பார்க்கிறான். தெருவிளக்கு வெளிச்சத்துல முகம் தெளிவாத் தெரியுது. துரைசிங்கம்! ஏறி, கதவைச் சாத்திக்கிட்டுப் போயிட்டான்.

வக்கீல் உட்கார்ந்துட்டார். "உசுரோட இருந்திருக்காரே..." மரகதம் அலறினது வராண்டா வரைக்கும் கேட்டுச்சு.

துரைசிங்கத்துக்குத் தண்டனை கிடைச்சுது. வெளிய வந்து வீரணன் சொன்னான்: "நான் வெட்டுன இடத்துக்கு அப்புறம்தான்க்கா எல்லாமே இருந்துச்சு."

சொல்லுங்க... வீரணன் கெட்டவனா? இல்லங்க. பாசத்துலதான் செஞ்சான். ஆனா அந்தப் பாசம் உண்மையையே பொய் மாதிரி ஆக்கிடுச்சே! ஒரு வீடியோவைச் சோதிக்கணும்னு யாராவது சொன்னா, "குற்றவாளிக்கு ஆதரவா?"ன்னு கொதிக்காதீங்க. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, நடுவுல யார் கை பட்டுச்சு... கேளுங்க! இதைக் கேட்காம நீங்க தள்ளி விடுற ஒவ்வொரு வீடியோவும், குற்றவாளி தப்பிக்க நீங்களே திறந்துவிடுற கதவு.