சந்தனம் இறங்கிய கண்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெரியவர் பழமலைநாதன் அவர்களே! மண்ணை உழுது மக்களை வளர்க்கும் உழவர் பெருமக்களே! குனிந்த தலை நிமிராமல் களையெடுத்து எங்கள் கலயம் நிறைக்கும் தாய்மார்களே! பீங்கான் பட்டறைத் தோழர்களே! லேத்துப் பட்டறை செபாஸ்டியனின் பணிவான வணக்கம்.

செடியை அளக்கும் வண்டியைச் செய்தவன் என்று என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். நான்கு சக்கரம், நடுவே கண்ணாக ஒரு கேமரா. வரிசை வரிசையாய் உருண்டு, உயரம் எவ்வளவு, இலையின் பச்சை எவ்வளவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஆளுக்கு அரைநாள் என்றால் அதற்கு அரைமணி! கைதட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, கதையைக் கேளுங்கள்.

போன ஆண்டு, 2008. வண்டியைச் சோதிக்க ஒரு வயல்: நிலக்கடலை, பத்துப் பாத்தி, பத்து ரகம். பத்தாவது நம் உழவர் கலியமூர்த்தியுடையது. ஆறு ஆண்டாக அவரே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த விதை, அத்தனையும் அந்தப் பாத்தியில்தான். ஒன்பது பாத்தி அளந்தாயிற்று. குறுக்கே வந்தது ஆயுத பூஜை. ஞாயிறு தவறாமல் பூசை காண்கிற கிறிஸ்தவன்தான் நான். ஆனால் பட்டறையில் எந்த இயந்திரத்தையாவது பொட்டில்லாமல் விட்டிருக்கிறோமா? வண்டிக்கு நெற்றி ஏது? கண்ணுக்கு மேலே சந்தனம் வைத்தேன், தாராளமாக. அது வழிந்து கண்ணில் இறங்கியதை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் பத்தாவது பாத்தி. மஞ்சள் என்றது வண்டி! நோய் என்றது கம்ப்யூட்டர்! பரவுமுன் பிடுங்குங்கள் என்றோம் வண்டியோடு வந்த நாங்கள்! வரப்பில் நின்ற கலியமூர்த்தி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிடுங்க வந்த பெண்களில் தங்கம்மாள் மட்டும் குனியவில்லை.

"செடி பச்சப்பசேல்னு இருக்குதுங்க. நீங்க யாராச்சும் பாத்தீங்களா?"

"மிஷினு பொய் சொல்லுமாம்மா?" என்றேன்.

"காமாலக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளுங்க" என்றவர், முந்தானையால் அந்தக் கண்ணைத் துடைத்தார். மறுபடி ஓட்டினோம். பத்துப் பாத்தியிலும் அதுதான் நல்ல பச்சை!

சிரிக்கிறீர்கள். எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. வயலில் நின்றோம், வயலைப் பார்த்தோமா? திரையைப் பார்த்தோம், தாளைப் பார்த்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வண்டி வேண்டாம் என்கிறேனா? வரட்டும், வயல்தோறும் வரட்டும்! ஆனால் வண்டி வந்தபின் தங்கம்மாள் எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள். அளவு சொல்ல இயந்திரம் இருக்கிறது. அளவு தப்பு என்று சொல்ல ஆள் வேண்டாமா?

தங்கம்மாள் அவர்களே, நாலாம் வரிசையில் இருக்கிறீர்கள். கூச்சப்படாதீங்கம்மா, எழுந்திருங்க. பிடுங்கு என்று முதலில் எழுந்த குரல் என்னுடையது, உங்கள் கண்ணை நம்பாமல் மிஷினை நம்பியவனும் நான்தான். ஊரறியக் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள்.

பொறுமையோடு செவிகொடுத்த அவைக்கு என் நன்றி. உங்கள் வயல்கள் வாழ்க, வணக்கம்.