ஆக்சிஜன் வாரத்து ஸ்கோர்

காக்ஸ் டவுனில் தடுப்பூசி வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள்; பேச்சிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று தெரிந்தது. இளையவள் சொன்னதைக் கேட்டதும் போனைப் பையில் வைத்துவிட்டேன்.

"ஆக்சிஜன்ல படுத்திருந்த வாரம்தான்க்கா ஆபீஸ்ல என் ஸ்கோர் டாப்."

"ஆஸ்பத்திரிக்கு லேப்டாப் எடுத்துட்டுப் போனியா?"

"இல்லக்கா, அது வீட்ல. அப்போ ஆளைக் குறைக்கிற லிஸ்ட் போட்டுட்டிருந்தாங்க, லீவு கேக்கவே பயம். இவர்தான் மவுஸைத் தன் வாட்ச் மேல வச்சுட்டார். முள்ளு சுத்தச் சுத்த மவுஸ் அசையற மாதிரி பதிவாகும். வேலை பாக்கறோமான்னு ஸ்கோர் போடற ஆபீஸ் சாப்ட்வேர் அதைத்தானே எண்ணுது."

"மெயில் வந்தா?"

"எல்லாத்துக்கும் 'ஓகே, நோட்டட்'னு இவரே போட்டார். யாருக்கும் சந்தேகம் வரல."

"அப்ப ப்ரமோஷன் வாட்சுக்குத்தான்."

அவள் சிரிக்கப் போய் இருமினாள். உள்ளிருந்து நர்ஸ் "முந்தே பன்னி" என்று, முன்னால் வரச்சொல்லி கன்னடத்தில் கூப்பிட, வரிசை நகர்ந்தது.

"நேத்து மேனேஜர் கூப்பிட்டார்க்கா. இப்ப ஸ்கோர் அதுல பாதிகூட இல்லையாம். அந்த வாரம் முடிஞ்சது இப்ப ஏன் முடியலன்னு கேக்கறார்."

"உடம்பு சரியில்லன்னு சொல்ல வேண்டியதுதானே."

"எப்போலேர்ந்துன்னு கேட்டா?"

"அப்புறம் என்னதான் சொன்ன?"

"சாரி சார்னு சொன்னேன். இந்த மாசம் சரி பண்ணிடறேன்னு சொல்லியிருக்கேன்."