அருள்புரம் லைன் வீட்டுக்கு வந்த பையர்

பெயர் சித்ரகலா, வயது 38, தகப்பனார் பெயர் கன்னையன், தொழில் வழக்கறிஞர், குடியிருப்பு மங்கலம் ரோடு, அவிநாசி. காவல் நிலையத்தில் நான் சொல்லச் சொல்ல உதவி ஆய்வாளர் எழுதிக்கொண்டது பின்வருமாறு:

நான் மேற்படி விலாசத்தில் தாயாருடன் வசித்து வருகிறேன். பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்குச் சர்வதேச மனித உரிமைச் சட்டத்தில் ஆலோசனை சொல்வது என் வேலை. இங்கே தைக்கிற சட்டை எந்த நாட்டில் விற்கிறதோ, அந்த நாட்டில் புகார் கொடுக்க வழி இருந்தால் அதைக் காட்டுவேன். இதைச் சொன்னால் பாதிப் பேர் நான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதாக நினைத்துக்கொள்கிறார்கள். இப்போது என் மீது வந்திருக்கும் புகாரிலும், அன்புசெல்வியை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காகக் கடத்திவிட்டேன் என்றுதான் இருக்கிறது.

அன்புசெல்வி அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். சித்திரை மாதம் நைட் ஷிப்ட் நடந்தபோது அங்கே ஜெனரேட்டர் அறையில் தீப்பிடித்தது. பெண்கள் வேலை செய்த தளத்தின் ஷட்டரை வெளியே பூட்டியிருந்தார்கள். புகையில் பல பேர் மயங்கி விழுந்த பிறகுதான் திறந்தார்கள். யாரும் சாகவில்லை என்பதால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. நடந்ததைச் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டது அன்புசெல்வி ஒருவர்தான். அந்தச் சட்டைகளை வாங்கும் நிறுவனம் நெதர்லாந்தில் இருப்பதால் அங்கே நான் புகார் அனுப்பினேன். அதன் பிறகு சாட்சியை நேரில் கேட்க ராபின் என்ற விசாரணையாளரை அனுப்பினார்கள். விசாரணை முடியும் வரை உங்கள் பெயர் வெளியே போகாது என்று அன்புசெல்விக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை ராபினை அன்புசெல்வி குடியிருக்கும் லைன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். வீட்டுக்காரம்மா வேலாத்தாள் வாசலில் நின்று, பையருங்களா என்று கேட்டார். வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் ஊரில் நடந்து போனால் சரக்கு வாங்க வந்த பையர் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அதுவே நல்ல மறைப்பு என்று நினைத்து ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். பையர் என்றால் எங்கள் பக்கம் புது மாப்பிள்ளைக்குச் செய்கிற உபசாரம் நடக்கும். அவிநாசியில் பிறந்து வளர்ந்த எனக்கு அது அந்த நேரம் தோன்றாமல் போனது. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

உள்ளே அன்புசெல்வி பேச, நான் மொழிபெயர்க்க, ராபின் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். வெளியே வேலாத்தாள் கம்பெனி மேனேஜர் மோகன்ராஜுக்கு போன் செய்திருக்கிறார். என்ன சொன்னார் என்பதைப் பிறகு அவரே என்னிடம் சொன்னார். "உங்க பையரு வழி தெரியாம நம்ம லைன் ஊட்டுல வந்து உக்கோந்திருக்காருங்க சாமி. தகரக் கூரைல வேகறாருங்க, வந்து கூட்டீட்டுப் போங்க." அவர் மனதில் ஒரு கெடுதலும் இல்லை. எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான்.

அதன் பிறகு மோகன்ராஜ் ஏசி காரில், குடையும் இளநீருமாக வந்து இறங்கினார். குனிந்து உள்ளே வந்து ராபினுக்கு வணக்கம் சொன்னார், கட்டிலின் மேல் இருந்த ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் அன்புசெல்வியைப் பார்த்தார். கையில் இருந்த இளநீரை ராபினிடம் கொடுத்துவிட்டு, "ஏனுங்க மேடம், நீங்களும் நம்மூருக்காரங்கதானுங்களே, இப்படிப் பண்ணலாமுங்களா?" என்று என்னிடம் கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அவர் போன பிறகு வீதி முனையில் பைக்கில் இருவர் வந்து நின்றார்கள். ராபினை உடனே கிளம்பச் சொன்னேன். அன்புசெல்வியிடம், இதோடு விட்டுவிடலாம், நீங்கள் சாட்சியிலிருந்து விலகுவதாக நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் துணிமணிகளைப் பையில் திணித்துக்கொண்டே, "பாதிதானுங்க்கா சொல்லியிருக்கறன், மீதியும் சொல்லோணுமுங்க" என்றார். வருகிற வியாழக்கிழமை வீடியோ மூலம் மீதிச் சாட்சியம் சொல்வதாக ஏற்பாடு. அதன் பிறகு அவர் தன் இஷ்டப்படி என் காரில் ஏறினார்.

மறுநாள் அவருடைய அண்ணன் சரவணக்குமார் என் மீது புகார் கொடுத்திருக்கிறார். அவர் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இன்று விசாரணைக்கு மோகன்ராஜின் காரில்தான் வந்தார்.

அன்புசெல்வி எங்கே என்று ஆய்வாளர் திரும்பத் திரும்பக் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் பையர் என்று நான் சொன்ன ஒரு பொய்யே போதும். எனக்குத் தெரியும். வியாழக்கிழமை வரை சொல்ல மாட்டேன். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டேன்.

உள்ளே வரும்போது சரவணக்குமார் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, "புள்ள உசுரோட இருக்குதுங்களா, அதை மட்டும் சொல்லுங்க மேடம்" என்று கேட்டார். காலையில் இட்லி சாப்பிட்டாங்க என்று சொன்னேன். எங்கே என்று கேட்க வாயெடுத்தவர், வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வேண்டாங்க, எங்கிட்டச் சொல்லீராதீங்க" என்று சொல்லிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்ன அத்தனையும் நடந்தது, எழுதியது நான் சொன்னபடியே இருக்கிறது. போலீசார் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் எனக்குப் பிறகு யாரும், அன்புசெல்வி இருக்கும் இடமாக நான் சொன்னேன் என்று, இதில் ஓர் ஊர்ப் பெயரைச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக, கடைசி வரிக்குக் கீழே இடம் விடாமல் நானாகவே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) சித்ரகலா