படிக்காமல் விட்ட சொல்

மகளுக்கு மருந்து வாங்கிக்கொண்டு, அவளை மடியில் போட்டபடி டிராமில் திரும்பினேன். முன் இருக்கையில் இருவர். இளையவர் இரவுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மூத்தவர் அவரிடம் படிக்கும் துறைமுகத் தொழிலாளி. மடியில் ஆங்கிலப் பத்திரிகை வைத்திருந்தார்.

“வாத்தியாரே, கப்பல் முழுகிடுச்சுன்னு போட்டிருக்கே, அதுக்கு முன்னால இது என்ன வார்த்தை?”

“அன்கன்ஃபர்ம்ட். இன்னும் உறுதியாகலன்னு அர்த்தம், அண்ணே. யாரோ சொல்லக் கேட்டதைப் போட்டிருக்காங்க.”

“டீக்கடையில இதைத் தமிழ்ல படிச்சுச் சொன்னவன், அந்த வார்த்தையச் சொல்லவே இல்லையே.”

“தெரியாத வார்த்தைன்னா அவன் தாண்டிப் போயிடுவான். போன மாசம் உசுரோட இருக்கிற டாக்டரையே சாகடிச்சான்லா.”

மூத்தவர் சிரிக்கவில்லை.

“என் தம்பி அந்தக் கப்பல்லதான் ஊருக்குப் போனான்.”

இதையெல்லாம் நான் கேட்கலாமா என்று தோன்றியது. குழந்தையின் போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

“அப்ப உடனே வீட்ல சொல்லுங்கண்ணே. தந்தி வர்ற வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்ல? டீக்கடைப் பேச்சக் கேட்டு, நேத்தே தம்பி பொண்டாட்டி தாலிய எடுத்துட்டாங்க. மூத்தவன்னு நானும் பக்கத்துல நின்னேன்.”

வாத்தியார் பத்திரிகையை மீண்டும் எட்டிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“உறுதியாகலன்னா, திரும்பக் கட்டிக்கலாம்லண்ணே?”

“கட்டுறதுக்கு அவன்ல வரணும்.”

மூத்தவர் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க, வாத்தியாரே. அந்தப் பொண்ணுக்கு நானே படிச்சுக் காட்டணும்.”