விழு, எழு, விரலைக் காட்டு

கிட்ட வாங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட. சுவரோரம் ஒதுங்கி நிற்கிற பிள்ளையும் வரட்டும், இடம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு ரக்பிக் கதை. முட்டை வடிவத்தில் ஒரு பந்து, அதை அணைத்துக்கொண்டு ஓடுகிறவரை எதிராளி இடுப்பைக் கட்டிப்பிடித்துக் கீழே சாய்ப்பார். அவ்வளவு தெரிந்தால் போதும். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கடல் கடந்து போய், அந்த ஊர்ச் சிறுவர் சிறுமியருக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது, ஆசைதான். அவர்களில் ஓர் அக்காவும் தம்பியும் உண்டு. அக்கா நடுவர், தம்பி பயிற்சியாளன். ஆட்டத்தில் அடிபட்ட ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். இனி அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.

— அந்த விசிலக் கழட்டுக்கா. வர்றவங்க போறவங்க எல்லாம் உன் கழுத்தையே பாக்குறாங்க.

— பாக்கட்டும்.

— ஆஸ்பத்திரிக்குள்ள விசிலோட வந்து உக்காந்த மொத ஆளு நீயாத்தான் இருப்ப. டாக்டர் எதாச்சும் தப்புப் பண்ணா ஊதிடுவியோன்னு பயப்படப்போறாரு.

— நீ பயந்தா இப்படித்தான் வாய் ஓயாது. சின்ன வயசுல ஊசி போடக் கூட்டிட்டுப் போனப்பவும் நர்சுக்கு விடுகதை போட்டவன்தானே நீ.

— பயமெல்லாம் இல்ல. உள்ள ஸ்கேன் எடுக்குறாங்க, அவ்வளவுதான். ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லப்போறாங்க. மின்னல்க்கா அவ. ஓரமா ஓட ஆரம்பிச்சா ஒருத்தர் பிடிக்க முடியுமா? மின்னலுக்கு என்ன ஆகப்போகுது?

— அவ நெசப் பேரு என்ன?

— அது... வாயில நுழையல. அதனாலதானே மின்னல்னு வெச்சோம்.

— வாசல்ல சீட்டு எழுதுற பொண்ணு இவ பேரக் கேட்டுச்சு. நான் மின்னல்னு சொன்னேன். எழுதாம என் மூஞ்சியவே பாத்துச்சு. ஒரு பிள்ளைய மடியில போட்டுத் தூக்கிட்டு வந்திருக்கேன், பேரு தெரியல எனக்கு.

— காலத் தூக்குக்கா, தரை துடைக்கிறாங்க. பாரு, நம்ம பூட்ஸ்லேர்ந்து எவ்வளவு சேறு விழுந்திருக்குன்னு. அவங்க திட்டக்கூட இல்ல, பாவம்.

— வண்டியில வாந்தி எடுத்தாளே.

— வெயிலுக்கா.

— வெயில் இல்ல. நீ ஓரத்துல நின்ன, உனக்குத் தெரியல. நான் பக்கத்துல நின்னேன். அந்த உயரமான பொண்ணு பந்தோட வந்தா. இவ இடுப்பப் பிடிக்கக் குனிஞ்சா. தல தப்பான பக்கம் போயிடுச்சு. முழங்கால் வந்து காதுக்கு மேல இடிச்சுது. சத்தம் கேட்டுச்சுடா எனக்கு.

— ரத்தமே வரலியே.

— வரல. விழுந்தா, எழுந்தா, கட்டைவிரலக் காட்டுனா. நானும் ஆடுங்கன்னு விட்டுட்டேன்.

— அப்புறம்?

— அப்புறம் பந்து கையில கெடச்சதும் தப்பான பக்கம் ஓடுனா. அவ டீமோட கோட்டப் பாத்தே. எல்லாரும் சிரிச்சாங்க.

— ஆமா, நானும் சிரிச்சேன்.

— நானும்தான். நடுவரு, மைதானத்துக்கு நடுவுல நின்னு சிரிச்சேன். இடைவேளைக்கு ஊதினதும் சுருண்டு விழுந்தா.

— விடுக்கா. தெரிஞ்சா செஞ்ச?

— தெரியாமலா? தலையில அடிபட்ட பிள்ளைய வெளிய அனுப்பணும். அடிபட்டிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே அனுப்பணும். அன்னிக்கு மறுபடி உள்ள விடக்கூடாது. நடுவர் பரீட்சையில அந்தக் கேள்விக்கு நான் ஒரு பக்கம் எழுதுனேன்.

— அவதான் நல்லாருக்கேன்னு காட்டினாளே! பிள்ளையே நல்லாருக்கேன்னு சொன்னா நீ என்ன செய்வ?

— அவ சொன்னாளா? நீ பழக்கினது சொல்லுச்சா?

— என்னக்கா பேசுற?

— மொத நாள் நீ என்ன சொல்லிக்கொடுத்தன்னு யோசிச்சுப் பாரு.

— விழச் சொல்லிக்கொடுத்தேன். சத்தியமா அத மட்டும்தான். விழுற பயம் போனாத்தானே ஆட முடியும்? அவங்க பாஷை நமக்குத் தெரியாது, நம்ம பாஷை அவங்களுக்குத் தெரியாது. வலிக்குதான்னு எப்படிக் கேக்குறது? அதான் விழு, எழு, கட்டைவிரலக் காட்டு. யாரு முந்திக் காட்டுறாங்களோ அவங்களுக்குக் கைதட்டு. நீயும்தான் தட்டுன.

— தட்டுனேன்.

— எவ்வளவு குஷி அதுங்களுக்கு! அந்தக் குண்டுப் பையன் விழறதுக்கு முன்னாடியே காட்டுவான். ஒரு நாள் யாரும் தொடக்கூட இல்ல, காட்டிட்டு நின்னான். வயிறு புண்ணாகச் சிரிச்சோமே!

— அதத்தான்டா சொல்றேன். விழறதுக்கு முன்னாடியே வர்ற விரலுக்கு என்ன அர்த்தம்? தூசி பட்டா கண்ணு தானா மூடிக்குதுல்ல, அது மாதிரி ஆயிடுச்சு அது. அதப் போய் நான் பதில்னு எடுத்துக்கிட்டேன்.

— ...கெடுதல் நெனச்சா செஞ்சேன்?

— இல்லடா. நீ நல்லது நெனச்சுத்தான் செஞ்ச. போன் அடிக்குது பாரு, எடு.

— சார்... ஆமா சார்... ஸ்கேன் எடுக்கத்தான் கொண்டு போயிருக்காங்க... சரி சார்... இல்ல சார், அவங்கம்மா இன்னும் வரல... அக்காகிட்ட சொல்றேன் சார்.

— என்னவாம் நம்ம குழுத் தலைவருக்கு?

— அவங்கம்மா வந்தா, விளையாட்டுல கீழ விழுந்துட்டா, உடனே கூட்டிட்டு வந்துட்டோம்னு மட்டும் சொல்லணுமாம். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக்கூடாதாம். மிச்சத்த அவரு சாயங்காலம் வந்து பேசிக்குவாராம்.

— இப்ப வரமாட்டாராமா?

— எப்படி வருவாரு? கடைசி நாள் போட்டி, விருந்தாளிங்க எல்லாம் வரிசையா உக்காந்திருக்காங்க.

— 'உடனே'ன்னா சொல்லச் சொன்னாரு?

— அக்கா, கோபப்படாம கேளு. இது வெளிய வந்துச்சுன்னா அடுத்த வருஷம் ஒருத்தரையும் இங்க அனுப்ப மாட்டாங்க. இந்தப் பிள்ளைங்ககிட்ட இருக்கிற பந்தே நாம கொண்டு வந்த பந்துதான். எல்லாத்தையும் மூட்டை கட்டச் சொல்லிடுவாங்க. அவளுக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. நாமளா எதுக்கு வாயக் கொடுத்து மாட்டிக்கணும்?

— இது பிள்ளைங்களுக்காகப் பேசுற பேச்சா, எனக்காகவா?

— உனக்காகத்தான், போதுமா? நடுவர் வேலையே பாக்கக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்துடுவாங்க. அப்பா உன்ன எங்க வீட்டு ஜட்ஜம்மான்னு தெரு முழுக்கச் சொல்லிட்டுத் திரியிறாரு. அவரு மூஞ்சில எப்படி முழிப்போம்?

— அந்தம்மா மூஞ்சில எப்படி முழிப்போம்? அதச் சொல்லு மொதல்ல.

— கண்ணுங்களா! தமிழா பேசுறீங்க? அந்தக் கோடியிலேர்ந்தே காதுல விழுந்துச்சு, ஓடி வந்தேன். இந்த ஆஸ்பத்திரிக்கு நர்சா வந்து தலையே நரைச்சுப்போச்சு, நம்ம பேச்சக் கேக்குறதே அபூர்வம். அந்த விளையாட்டுப் பொண்ணோட வந்தது நீங்கதானா?

— ஆமா சிஸ்டர். எப்படியிருக்கா?

— முழிச்சிருக்கா. ஆனா பாரும்மா, மண்டைக்குள்ள லேசா ரத்தம் கசிஞ்சிருக்காம். இப்போதைக்குக் கத்தி வைக்க வேணாம்னு பெரிய டாக்டர் சொல்றாரு. கூடவே இருந்து கண்ணு அசராம பாக்கணும். கசிவு கூடிச்சுன்னா உடனே ஆபரேஷன்தான்.

— பேசுறாளா சிஸ்டர்? என்னக் கேட்டாளா? நான்தான் அவ கோச்சு.

— பேசுறா தம்பி. தன் பேரச் சொல்றா. இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டா மட்டும் சிரிக்கிறா. அவங்கம்மா வந்தாச்சு. ரொட்டி ஆலையில வேலையாம், முழங்கை வரைக்கும் மாவு, அப்படியே ஓடி வந்திருக்காங்க. பிள்ளையப் பாத்துட்டு இதோ உங்களப் பாக்கத்தான் வர்றாங்க. பயப்படாதீங்க, ரெண்டு பேர் பேச்சையும் நான் மாத்திச் சொல்லிடறேன். என்ன சொல்லட்டும்?

— அக்கா, சார் சொன்னத மட்டும் சொல்லு. கெஞ்சிக் கேக்குறேன்.

— இதோ, அம்மா வந்துட்டாங்க. என்ன ஆச்சுன்னு கேக்குறாங்க, கண்ணு. உன்னப் பாத்துத்தான் கேக்குறாங்க.

— விளையாட்டுல... கீழ விழுந்துட்டா சிஸ்டர். உடனே கூட்டிட்டு வந்துட்டோம்.

— அவ்வளவுதானா? சரி, இரு... சொல்லிட்டேன்.

— என்ன சொல்றாங்க?

— நீ நல்லாருக்கணுமாம். எங்கேயோ பொறந்து வளர்ந்த பொண்ணு, எம் பிள்ளைய உன் பிள்ளையா மடியில போட்டுக் கொண்டு வந்தியேன்னு சொல்றாங்க. உன் கையப் பிடிக்கணுமாம். குடு கண்ணு.

— சிஸ்டர், கைய விடச் சொல்லுங்க.

— ஏம்மா? மாவுதானே, தட்டுனா போயிடும்.

— விடச் சொல்லுங்க சிஸ்டர். நான் இன்னும் சொல்லி முடிக்கல.

— அக்கா!

— நீ சும்மாயிரு. சிஸ்டர், இனிமே நான் சொல்றதுல ஒண்ணு விடாம சொல்லுங்க. எனக்காகப் பாத்து எதையும் குறைக்கக்கூடாது.

— கண்ணு, எதுவாயிருந்தாலும் இப்பவே சொல்லணுமா? பெத்தவ நெஞ்சு தாங்குமா?

— தாங்காது. ஆனா சொல்லுங்க. ஆட்டத்துக்கு நடுவர் நான். உங்க பொண்ணு தலையில அடிபட்டத நான் பாத்தேன். சத்தமும் கேட்டேன். ஆட்டத்த நிறுத்தி அவள வெளிய அனுப்புறது என் வேலை. அனுப்பல.

— ...சொல்லிட்டேன்.

— அதுக்கப்புறம் தப்பான பக்கம் ஓடுனா. நான் சிரிச்சேன். இடைவேளை வரைக்கும் ஓடவிட்டேன். அதுக்குள்ள இன்னொரு தடவையும் விழுந்தா.

— சிரிச்சதையுமா சொல்லணும்?

— அதையும்.

— ...சொல்லிட்டேன் கண்ணு. கைய எடுத்துட்டாங்க.

— தெரியுது சிஸ்டர்.

— பாத்தும் ஏன் விட்டன்னு கேக்குறாங்க. உனக்குக் கண்ணு இல்லியான்னு கேக்குறாங்க. அப்படியேதான் கேட்டாங்கம்மா, நான் ஒண்ணும் கூட்டல.

— எழுந்து கட்டைவிரலக் காட்டுனா. நல்லாருக்கேன்னு சொல்றதா எடுத்துக்கிட்டேன்.

— சிஸ்டர், அத அப்படிச் சொல்லாதீங்க. அது என் தப்பு. கோச் நான். விழுந்தா எழுந்து விரலக் காட்டணும்னு பழக்கினது நான்தான். தினமும் பழக்கினேன், சீக்கிரம் காட்டு, இன்னும் சீக்கிரம் காட்டுன்னு. வலிச்சா என்ன காட்டணும்னு மட்டும் சத்தியமா ஒரு நாள்கூடச் சொல்லிக்கொடுக்கல.

— டேய்...

— இருக்கட்டும்க்கா. நீ ஒருத்தியே எதுக்கு நிக்கணும்? சொல்லுங்க சிஸ்டர்.

— சொல்றேன் தம்பி. மூச்ச விடு. சொல்றேன்.

— திட்டுறாங்களா சிஸ்டர்? திட்டட்டும். அடிச்சாக்கூடப் பரவாயில்ல.

— இரு, பேசுறாங்க... வீட்லயும் பொண்ணு அப்படித்தான் செய்வாளாம். படியில தடுக்குனா, கதவுல இடிச்சுக்கிட்டா, உடனே விரலாம். வீடே சிரிக்குமாம். அடுப்புல கை சுட்டுக்கிட்டப்பவும் காட்டுனாளாம். எம் பிள்ளைக்கு வலியே தெரியாது, அவ்வளவு தைரியம்னு ஆலையில எல்லார்கிட்டயும் பெருமையா சொன்னாங்களாம்.

— ஐயோ.

— நான் சிரிச்சதுக்கும் உன் சிரிப்புக்கும் என்ன வித்தியாசம்னு சொல்றாங்க, கண்ணு. மன்னிச்சுட்டாங்கன்னு நெனச்சுக்காத. மூஞ்சி அப்படி இல்ல.

— நான் மன்னிப்புக் கேக்கல சிஸ்டர். அவங்களுக்குத் தெரியணும்னுதான் சொன்னேன்.

— தம்பி, உன்ன ஒண்ணு கேக்குறாங்க. இத இவளுக்கு மட்டும் பழக்குனியா?

— இல்ல, எல்லாருக்கும். எல்லா டீமுக்கும் நான்தான் மொத வாரம் எடுத்தேன். சின்னஞ்சிறுசுங்கதான் ரொம்ப நல்லாக் கத்துக்கிச்சுங்க.

— அதுங்க எல்லாம் இப்ப எங்க இருக்குன்னு கேக்குறாங்க.

— மைதானத்துலதான். அடுத்த ஆட்டம் ஆரம்பிச்சிருப்பாங்க...

— என்னடா சொன்ன? ஆடிட்டா இருக்காங்க?

— அக்கா... எனக்குத் தோணவே இல்லக்கா. இவ்வளவு நேரம் நாம...

— சாருக்குப் போடு. இப்பவே. ஆட்டத்த நிறுத்தச் சொல்லு.

— அடிக்குது, எடுக்க மாட்டேங்கிறாரு.

— மறுபடி போடு.

— சிஸ்டர், அம்மா எங்க அப்படி ஓடுறாங்க? பொண்ணு உள்ளல்ல இருக்கா!

— உள்ள இருக்கிறவளப் பாத்துக்க இத்தன பேரு இருக்கீங்க, அங்க ஆடிட்டிருக்கிற என் சின்னவனப் பாத்துக்க யாரு இருக்கான்னு கேட்டுட்டு ஓடுறாங்க, தம்பி.

கேட்டீர்களா, கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து ஓடியாடப் போகிற பிள்ளைகள் எல்லாம் முழுசாக வீடு வந்து சேரட்டும். வலிக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரட்டும், அதைக் கேட்க உங்களுக்குப் பொழுது இருக்கட்டும். உங்கள் வாசல் என்றைக்கும் நிறைந்தே இருக்கட்டும்.