வெள்ளிப் பூண் போட்ட கோல்

– அந்தத் தடியத் தூக்கிக்கினு நீ சாமிக்கு முன்னால நடந்தீன்னா, இனிமே எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்ல. ஆமா, சொல்லிட்டேன்.

– தடின்னு சொல்லாத ஆயம்மா, வாய் அழுவிப்பூடும். அது நம்மப்பன் கையில இருந்த கோலு. வெள்ளிப் பூணு போட்ட கோலு.

– இன்னா பெரிய கோலு? மாட்ட ஓட்டறாப்புல உன் சனத்த வேலைக்கு ஓட்டிக்கினு வாடான்னு மலைய ஆண்ட ஜாகீர்தாரு குடுத்தான். நம்மப்பனும் ஓட்டுனாரு.

– நாலு ஊரும் எழுந்து நின்னுச்சுடி அவரப் பாத்து!

– மரியாதையிலயா நின்னாங்க? அவுங்க அவுங்க முதுக நெனச்சு நின்னாங்க.

– ரெண்டு பேரும் கஞ்சியக் குடிச்சிட்டுச் சண்ட போடுங்க. ஆறிப்போவுது.

– நீ உள்ள போ சின்னப்பொண்ணு, இது அண்ணன் தங்கச்சி பேச்சு. இந்தா பாரு ஆயம்மா, நீ புருசனோட கீழ எறங்கிப் போய்த் தியாகதுருகத்துல குந்திக்கின. உனக்கு இன்னா தெரியும்? கள்ளக்குறிச்சி சந்தையில நான் கடுக்கா மூட்டைய எறக்குனா, நேத்து மீச மொளச்சவன்கூட ‘டேய் மலையா, இன்னா வெல?’ன்றான். சக்கரவர்த்தின்னு பேரு வெச்சிக்கினு, அந்த ‘டேய்’க்குத் திரும்பிப் பாக்கறேன்டி நானு! இந்தக் குடும்பத்துல ஒருத்தன் அதிகாரமா நின்னான்றதுக்கு அது ஒண்ணுதான் மிச்சம்.

– எனக்கும் வயிறு எரியுதுண்ணே. அதுக்காவ நம்ம ஆளயே நாம அடிச்சதையா எடுத்துக் காட்டுவ? மாதன் மாமாவுக்கு முட்டி எப்பிடி ஒடஞ்சுது? சொல்லு.

– அது அந்தக் காலம்.

– நீ சொல்ல மாட்ட, நான் சொல்றேன். ‘என் சாமை கொட்டிப்பூடும், இன்னிக்கு அத அறுத்துட்டு நாளைக்கு வந்து ஜாகீர்தார் கொல்லைய உழுவுறேன்’னாரு. கூலி இல்லாத வேலைக்கு ஒரு நாளு தவண கேட்டாரு மனுசன். அதுக்கு நம்மப்பன் போட்டாரு, அந்தத் தடியால. இன்னிக்கும் காலு மடங்கல.

– அதுக்குத்தான் மாதன் மாமா பொண்ணு இந்தச் சின்னப்பொண்ணையே அப்பன் எனக்குக் கட்டிவெச்சாரு. பரிசமும் ஜாஸ்தியாவே குடுத்தாரு. அதோட சரியாப்போச்சு.

– பொண்ணு எடுத்துட்டா முட்டி ஒட்டிக்குமா? சாமி அவரு வூட்டு முன்னாலதான் திரும்பும். காலு நீட்டிக்கினு வாசல்ல குந்தியிருப்பாரு. மருமவன் நீ, அதே தடியோட போய் நிப்ப. சே!

– சாவும்போது அத என் கையில குடுத்துட்டுத்தான் கண்ண மூடுனாரு அப்பன்!

– குடுத்தாரு. தூக்கிக்கினு ஆடுன்னு சொன்னாரா?

– ஏய், அடி வாங்குனது அவங்கப்பன். அவளே வாயத் தொறக்கல, உனக்கு இன்னா வந்துது? விடிகாலையில இந்தக் குளிர்ல எழுந்து, ‘சாமிக்கு முன்னால போறீங்க, தல முழுவுங்க’ன்னு அண்டா நெறையா வெந்நி போட்டுக் குடுத்தா. எலும்பு வரைக்கும் எறங்குச்சு அந்தச் சூடு. அவளுக்கு இல்லாத கோவமா உனக்கு?

– அண்ணி பாவம், வாயில்லாப் பூச்சி. அவங்களச் சாக்கு வெக்காத. அப்பன் பேரு வெளங்கணும், அவ்வளவுதானே? பாறையப் பேத்து இந்தக் கொல்லையத் திருத்துனாரே, அந்த மம்பட்டி மூலையில துரு புடிச்சிக்கினு கெடக்குது. அதத் தோள்ல வெச்சிக்கினு போ. உன் பின்னால நானே கொலவ போட்டுக்கினு வரேன்.

– மம்பட்டியா? மம்பட்டி இல்லாத வூடு எதுடி இந்த மலையில? ஊரே சிரிக்கும்.

– சிரிக்கட்டும்! அந்தத் தடியப் பாத்து அழுவறதுக்கு சிரிக்கறது மேலு.

– போடி அந்தாண்ட! மோளம் கேக்குது, சாமி கெளம்பிடுச்சு. ஏ சின்னப்பொண்ணு! சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கறேன் பாரு, கோல எடுத்தா.

– அங்க இல்லிங்க.

– இல்லியா? நேத்துதானே எண்ண போட்டுத் தொடச்சு மாட்டுனேன்! ஆயம்மா, மரியாதையாச் சொல்லிடு. எங்கடி ஒளிச்சு வெச்ச?

– நானா? அதத் தொட எனக்குக் கை கூசும். அப்பன் மேல சத்தியமா நான் தொடல.

– அவள ஏங்க திட்டறீங்க? வெள்ளிப் பூணக் கழட்டி மாடத்துல வெச்சிருக்கேன். கட்டைய உங்க வெந்நிக்குத்தான் வெச்சேன். நேத்து எண்ண போட்டு வெச்சிருந்தீங்களே, நல்லாப் பத்திக்கினு எரிஞ்சுது.